எட்டு நொடி மௌனமும் ஒரு சட்டி மொலோகியாவும்

நான் பிடிவாதக்காரன். எங்கள் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் எட்டு நொடி சுத்த மௌனம் வேண்டும் என்றால் வேண்டும். மற்ற ஆறு பாட்டிலும் மின்விசிறியும் வாஷிங் மெஷினும் ஹாஸிமின் வயலினும் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருந்தன. கேட்கிறவன் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா?

ஆனால் ஹாஸிமுக்கு நாலு மணிக்கு ரயில். மறுநாள் பட்டாளத்தில் சேர வேண்டும். மொட்டைத் தலையோடு வயலினைப் பிடித்துக்கொண்டு என் சமையலறையில் நின்றான். இன்று முடியாவிட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாங்கள் மூவரும் எங்கெங்கே இருப்போமோ!

ஷுப்ரா என்ற நெரிசலான பேட்டையில் எங்கள் கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி ஒரு திறப்பு. ஐந்து மாடிச் சமையலறை சன்னல்களும் அதைப் பார்த்துத்தான். காய்கறிக்குக் கயிறு கட்டி இறக்கும் கூடையில் மைக்கை வைத்து அதற்குள் தொங்கவிட்டோம். அங்கே வயலின் எதிரொலிக்கும் அழகே தனி.

நாலு தடவை எடுத்தோம். நாலு தடவையும் மௌனத்தின் நடுவே யாரோ இருமினார்கள். ஐந்தாவதுக்குத் தயாரானபோது கீழ் மாடியிலிருந்து பூண்டு வாசனை வந்தது. எங்கள் தாளக்காரி நிர்மீன் தலையில் கை வைத்தாள்.

"போச்சு. மொலோகியா!"

பூண்டும் கொத்தமல்லியும் தாளித்து மொலோகியா என்ற எங்கள் ஊர்க் கீரைக் குழம்பில் கொட்டும் நொடியில், சமைப்பவள் மூச்சை உள்ளே இழுத்து "ஹாஆ!" என்று குரல் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கீரை அடியில் தங்கிவிடும். எங்கள் ஊரில் இதைச் சந்தேகப்பட்டவர் கிடையாது. கீழே சமைப்பதோ ஹாஸிமின் அம்மா.

சன்னலில் தலையை நீட்டினேன். "அத்தை, இன்னிக்கு மட்டும் மூச்சு இழுக்காதீங்க! ரெக்கார்டிங்!"

"எம்புள்ள பட்டாளத்துக்குப் போறான், அவன் அடிதங்கின கீரையத் திங்கணுமா? நல்லா இருக்குடா உன் பாட்டு!"

"அவன் பாட்டும்தான் அத்தை."

கீழே கரண்டி 'டங்' என்று மேடையில் விழுந்தது. "சரி, வாயப் பொத்திக்கிறேன். தொலை."

வயலின் கத்தி ஓய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கீழே 'சொய்ங்' என்று பூண்டு சட்டியில் விழுந்தது. அத்தை சொன்ன சொல் காப்பாற்றினாள். நாலு, ஐந்து. இரண்டாம் மாடிக்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஹாஆ!" உடனே நாலாம் மாடி. அப்புறம் வாட்ச்மேன் மனைவி. கடைசியாக ஒரு ஆண் குரல்! அத்தைக்குப் பதிலாகக் கட்டடமே மூச்சிழுத்தது. ஹாஸிம் வயலினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கடைசி ஸ்வரம் அவன் வாசிக்கவே இல்லை.

"இன்னொரு தடவை," என்றேன்.

"டேய், மணி மூணு. விடுடா, நான் சாப்பிடணும்."

கட்டடம் தாமதமாக இழுத்த மூச்சு பலிக்கவில்லை. கீரை அடியில் தங்கியிருந்தது. "பிரமாதம்மா," என்று மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டரில் மூச்சுகளையும் சிரிப்பையும் வெட்ட உட்கார்ந்தேன்.

"அத வெட்டினா நானும் பட்டாளத்துல சேந்துடுவேன்," என்றாள் நிர்மீன்.

அப்போது மறுபடி பூண்டு வாசனை. காத்திருந்தோம். சட்டி 'சொய்ங்' என்றது, குரல் வரவில்லை.

"அத்தை, மூச்சு?"

"தாளிச்சதுல பாதிதான் கொட்டினேன். யாருக்குடா இழுக்கிறது? சாப்பிடுறவன் இங்க இல்லையே."

ஸ்பீக்கரைக் கூடையில் வைத்து அவள் சன்னலுக்கு நேராக இறக்கினேன். "மீதியக் கையில வெச்சுக்கங்க. நான் சொன்னதும் கொட்டுங்க."

பாட்டு ஓடியது. ஐந்தாவது நொடியில் "இப்ப!" என்று கத்தினேன். கூடைக்குள்ளிருந்து கட்டடம் மூச்சிழுத்தது. பிறகு அவள் பிள்ளை சிரித்தான்.

"இன்னொரு தடவை போடு," என்றாள் அத்தை. நாலு தடவை போட்டேன்.

கூடை கனத்தது. மேலே இழுத்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு கிண்ணம் மொலோகியா. கீரை அடியில் தங்கவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டு, நிர்மீனுக்கும் ஒரு ஸ்பூன் எடுத்துவரப் போனேன்.