இருவாச்சிக்கு இரண்டு ஃபிளாஸ்க்

பிரச்சினை கணவனின் கைகள்தான்.

விமான நிலையத்தில் ஓடுபாதைக்குப் பறவைகள் வராமல் விரட்டுவது அவன் வேலை. வேட்டு உண்டு, சைரன் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுவது அவன் கைகள். இறக்கை கண்ணில் பட்டால் போதும், இரண்டும் சேர்ந்து ஒரு தட்டு, படார்! லீவு நாள் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரியாது.

மனைவிக்கோ பறவை என்றால் உயிர். இருவாச்சியை மட்டும் படத்தில்தான் பார்த்திருந்தாள். அவர்கள் ஊர்க் குளிருக்கு அது வராது. இந்த வெப்ப நாட்டில் அவனுக்கு மூன்று நாள் பயிற்சி என்றதும், பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாளை மத்தியானம் விமானம். மிச்சமிருப்பது ஒரே ஒரு காலை.

ஹோட்டல் கட்டிலில் வரைபடத்தை விரித்துவிட்டு, வேன் டிரைவரை ஸ்பீக்கரில் பிடித்தாள்.

"அத்திமரம் பழுத்துக் கிடக்கு மேடம். விடிஞ்சதும் கண்டிப்பா வரும். ஒண்ணே ஒண்ணு, சத்தம் கூடாது. மிரண்டுச்சுன்னா அன்னிக்குத் திரும்பாது."

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"என்னடி, கொலைகாரனைப் பாக்கற மாதிரி பாக்கற?"

"நீங்க ரூம்லயே இருந்துடுங்களேன்."

"ஃபேன் சுத்தறதைப் பாத்துக்கிட்டா? நடக்காது. வேணும்னா கையைக் கட்டிக் கூட்டிட்டுப் போ."

"அப்புறம் டிரைவர் போலீஸுக்குப் போன் பண்ணுவார்."

ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவானது. பால்கனிக் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அவன் பல்லைக் கடித்தான். மூச்சை அடக்கினான்.

படார்!

புறா போயே போய்விட்டது. பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

"நான் தட்டலடி. அதுவா தட்டிடுச்சு."

அவள் அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். மேசையில் ஒரு ஃபிளாஸ்க். வரவேற்பில் கேட்டு இன்னொன்று வாங்கி வந்தாள். இரண்டிலும் கொதிக்கக் கொதிக்க டீ. மூடி கிடையாது.

"கைக்கு ஒண்ணு. ஆட்டினீங்க, வெந்துடும்."

சற்று நேரத்தில் அதே புறாவோ அதன் மச்சானோ வந்தது. அவன் முழங்கை துடித்தது. டீ விளிம்பு வரை ஏறி இறங்கியது. புறா அசையவே இல்லை.

"பாஸ்!" என்றாள்.

காலை. அத்திமரத்தடி. இந்த நாட்டில் விடியல் விளக்கைப் போட்டது போல வந்து நின்றது.

"அதோ," என்று கிசுகிசுத்தான் கணவன். டிரைவர் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் ஒரு புள்ளி. ஓடுபாதையில் பழகிய கண்ணாயிற்றே!

புள்ளி வளர்ந்தது. ரயில் என்ஜின் மூச்சுவிடுவது போல இறக்கைச் சத்தம். மஞ்சள் அலகும் அதன்மேல் தொப்பியுமாக இருவாச்சி நேராகத் தலைக்கு மேலிருந்த கிளையில் இறங்கியது. ஒரு பழத்தைப் பறித்தது. அண்ணாந்து வீசியது. லபக்கென்று பிடித்தது.

ஃபிளாஸ்க்கில் டீ தளும்பியது. அவன் சிலையாக நின்றான்.

படார்! படார்! படார்!

இருவாச்சி எழுந்து, காட்டின் மேலாகப் போய் மறைந்தது.

டிரைவர் கணவனை முறைத்தார். அவன் இரண்டு ஃபிளாஸ்க்குகளையும் உயர்த்திக் காட்டினான்.

மனைவியின் உள்ளங்கைகள் ஒட்டியபடியே இருந்தன. முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிப் பிடிச்சுது, பாத்தீங்களா? பாத்தீங்கல்ல?"

"பாத்தேன், பாத்தேன்." அவன் ஒரு ஃபிளாஸ்க்கை அவளிடம் நீட்டினான். "இந்தா, ரெண்டு கையாலயும் பிடி. அடுத்து கிளி வருமாம்."