சுவரைத் தட்டிக்கொண்டே போகிறவன்

மச்சினனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கணினியில் எந்தச் சுடும் விளையாட்டில் இறங்கினாலும் நடுவழியே நடக்க மாட்டான். சுவரை ஒட்டியே போவான், போகிற போக்கில் கதவு திறக்கும் விசையை அழுத்திக்கொண்டே போவான். கதவு இருக்கிற இடத்தில் அழுத்தினால் நியாயம். இவன் வெறும் சுவரில் அழுத்துவான். பழைய காலத்து விளையாட்டுகளில் சில சுவர்களுக்குப் பின்னால் ரகசிய அறை இருக்கும், தட்டினால்தான் திறக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் தானே கட்டிய மாளிகையில், எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தனக்கே தெரிந்த இடத்தில், எவனாவது தட்டுவானா? இவன் தட்டுவான்.

"எதுக்குடா தட்டுற? அங்க ஒண்ணும் இல்லன்னு உனக்கே தெரியுமே" என்று நிரலாளர் கேட்பார். அவர் அவனுடைய அக்காள் புருஷன்.

"தெரியும் மாமா. இருந்தாலும் ஒரு தட்டு தட்டிட்டுப் போனாத்தான் மனசு கேக்குது."

மொத்தம் மூன்று பேர்தான் அந்த நிறுவனம். நிறுவனம் என்பது ஒரு பேச்சுக்கு. மூன்றாவது மாடி வீட்டில், துணி காயப்போடுகிற பால்கனியை ஒட்டிய அறை. மூன்று மேசைகள் போட்ட பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ள இடமில்லை, ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் எழ வேண்டும். கீழே தண்ணீர் மோட்டார் ஓடினால் மேசையில் இருக்கிற பேனா உருளும். நிரலாளர் விளையாட்டின் விதிகளை எழுதினார். மச்சினன் அறைகளும் தாழ்வாரங்களும் கட்டினான். அவன் அக்காள், அதாவது நிரலாளரின் மனைவி, பகலில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து அரக்கர்களை வரைந்தாள். ஓர் அரக்கனை எட்டுத் திசையிலிருந்தும் வரைந்தாக வேண்டும். நடக்கிற கால், அடிபடுகிற முகம், விழுகிற உடம்பு என்று அதற்கு மேலும் கணக்கு நீளும். அவற்றில் ஒரு முன்கோபி அரக்கனுக்குத் தன் புருஷனின் புருவத்தை அப்படியே வைத்துவிட்டாள். அதைக் கண்டுபிடித்துச் சொல்லிச் சிரித்தவன் மச்சினன். அதற்குப் பிறகு விளையாடும்போதெல்லாம் அந்த அரக்கனை மட்டும் தேடிப் போய்ச் சுடுவான்.

திரையின் அடியில் ஒரு துப்பாக்கி, எதிரே கட்டம் கட்டமாகத் தெரிகிற சுவர், மூலையில் உறுமல். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "நிஜம் மாதிரியே எவ்வளவோ வந்துட்டுது, இத யாருப்பா வாங்குவா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவரும் முதல் அறையைத் தாண்டவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நோய் மச்சினனின் இரத்தத்தில் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில், ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது முதல் கட்டத்தை ஆடிப் பதிவு செய்தான். தலையில் கம்பளிக் குல்லாய், ஊசி குத்திய கையில் பிளாஸ்திரி. இந்த மாதிரி விளையாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டைத் திறந்துவிட்டு எதையும் தொடாமல் இருந்தால், யாரோ ஒருவர் ஏற்கெனவே ஆடிய ஆட்டம் முகப்பில் தானாக ஓடும். அந்த ஆட்டத்தைத்தான் அவன் ஆடினான்.

"மாமா, கேம் எப்ப வெளிய போனாலும் சரி. தொறந்ததும் மொதல்ல நான்தான் ஓடணும்."

"நீ இல்லாம வேற எவன்டா ஓடுவான்? பேசாம படு."

அவன் அந்தக் கட்டத்தை முழுக்க ஆடிவிட்டுத்தான் படுத்தான். வழியெல்லாம் சுவரைத் தட்டினான். அதற்குப் பிறகு அவன் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அவன் நல்ல பையன் என்றார்கள். யாருக்கும் அவன் என்ன வேலை பார்த்தான் என்று தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிவு வீடியோ இல்லை. எந்த நொடியில் எந்த விசையை அழுத்தினான் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. திரையில் ஓடும்போது விளையாட்டு நிஜமாகவே மறுபடி நடக்கிறது, அவன் விரல் சொன்னபடி ஆள் நடக்கிறான், திரும்புகிறான், சுடுகிறான். வீடும் விதியும் அன்று இருந்தபடியே இருக்கும்வரை எல்லாம் அச்சு மாறாமல் வரும். ஒரு விதியை மாற்றினாலோ, சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்ட கதைதான், அடிவரைக்கும் கோணும். அரக்கன் ஓரடி தள்ளி நிற்பான், அவன் சுட்ட குண்டு காற்றில் போகும்.

தம்பி போன பிறகு அவள் நெடுநாள் படம் வரைகிற பலகையைத் தொடவில்லை. பிறகு தானாகவே வந்து உட்கார்ந்து மிச்ச அரக்கர்களை முடித்தாள். அச்சகத்திலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, விளையாட்டைத் திறந்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். திரையில் தம்பி ஓடுவான். சுவரைத் தட்டுவான். ஒவ்வொரு வெற்றுத் தட்டுக்கும் 'ஹ்ம்' என்று ஒரு சத்தம் வரும், அதுவும் விளையாட்டுக்கென்று அவன் முன்பே பதிந்து கொடுத்த குரல்தான். பார்த்து முடித்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள்.

வெளியிட ஒப்புக்கொண்ட நிறுவனத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். மூடுகிற கதவில் அரக்கன் மாட்டிக்கொண்டால் விளையாட்டே உறைந்து நின்றுவிடுகிறது. பிழை நிரலாளருடையது, அதில் சந்தேகமில்லை. திருத்தினார். திருத்தியதும் அரக்கர்கள் நடக்கிற விதமே மாறிவிட்டது. முகப்பைத் திறந்து பார்த்தார். மச்சினன் இரண்டாவது அறையிலேயே முட்டிக்கொண்டு நின்றான்.

அவன் ஓட்டத்துக்கு மட்டும் பழைய விதியைத் தனியாக வைக்கிறேன் என்று வெளியீட்டாளரிடம் கேட்டுப் பார்த்தார்.

"சார், ஒரே உறையில ரெண்டு கத்தி வேண்டாம். நாளைக்கு அதுல ஒண்ணு உறைஞ்சு நின்னா யாரு பதில் சொல்றது? பழசுல ஓடவிட்டு வீடியோ எடுத்துப் போட்டுடுங்க."

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"வீடியோ அலமாரியில வைக்கிற போட்டோ மாதிரிங்க. இதுல அவன் வெரல் இருக்கு. அவன் கேட்டது நான் ஓடணும்னு. என்னப் படம் போட்டுக் காட்டுங்கன்னு இல்ல."

"சரி. நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். எப்படி என்று அவருக்கே தெரியாது.

அவள் அச்சகத்துக்குப் போன பிறகு பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விசைகளின் நீள வரிசை. முட்டிய இடத்தில் திரும்புவதைக் கொஞ்சம் கூட்டினார், நகர்ந்தான். சுடுவதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார், அரக்கன் விழுந்தான். ஓர் இடத்தைச் சரி செய்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் கெட்டது, அதையும் சரி செய்தார். தட்டுகள்தான் பெரிய தொந்தரவு. அவன் வெறும் சுவரில் தட்டிய தட்டு இப்போது கதவில் விழுந்து, திறந்த கதவைத் திரும்ப மூடியது. ஆகவே தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க எடுக்க வேலை சுலபமாயிற்று. அந்த வேலையில் அவருக்கு ஒரு மகிழ்ச்சிகூட வந்தது என்பதை மறைப்பானேன். அது கைவந்த கலை. கடைசியில் ஆள் தங்குதடையில்லாமல் ஓடி, எல்லா அரக்கர்களையும் சுட்டு, வெளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்தார் நிரலாளர்.

அன்று மாலை அவள் தோளில் பையோடேயே வந்து நின்றாள். அவர் முகப்பை ஓடவிட்டார். அவள் பார்த்தாள். முதல் அறை, படிக்கட்டு, நீலக் கதவு.

"நல்லா ஆடுறாரே" என்றாள். "யாருங்க இது? நீங்களா?"

"உன் தம்பிதாம்மா."

"என் தம்பியா? ஒரு செவுத்தையாவது தட்டாம அவன் தாண்டுவானா?"

அவர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அதுவரை இருவருமே உட்கார்ந்ததில்லை.

"அவன் வெரல எடுத்துட்டு உங்க வெரல வச்சிருக்கீங்க. ஆஸ்பத்திரியில அவ்வளவு பேரு அவன் ஒடம்பக் குத்திக் கிழிச்சாங்க. மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். இதையும் நீங்க கிழிச்சுட்டீங்க."

"வேற வழி தெரியலம்மா. வீடு மாறிப்போச்சு. அவன் பழைய வீட்டு ஞாபகத்துல நடக்கறான், முட்டிக்கறான். அத நீ பாக்க வேண்டாம்னுதான்..."

"காட்டுங்க."

"வேண்டாம்."

"அவன் கஷ்டப்பட்டத நான் பாக்காததா? காட்டுங்கன்னா காட்டுங்க."

தொடாத பழைய பதிவை, திருத்திய விளையாட்டில் ஓடவிட்டார். மச்சினன் கிளம்பினான். முதல் சுவரைத் தட்டினான், 'ஹ்ம்' என்றான். அவள் உதடு அசைந்தது. இரண்டாவது அறையில் அரக்கன் வேறு பக்கமிருந்து வந்தான். மச்சினன் ஆளில்லாத மூலையைப் பார்த்து அத்தனை குண்டையும் சுட்டான். பின்னாலிருந்து அடி விழுந்துகொண்டே இருந்தது. அடித்தது அந்தப் புருவக்கார அரக்கன்தான். இவன் திரும்பவே இல்லை. எப்படித் திரும்புவான், அன்றைக்கு அங்கே யாரும் இல்லையே. திரை சிவந்து, பார்வை தரையோடு தரையாக விழுந்தது.

அவர் நிறுத்தப் போனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் செத்தாலும் விசைகள் நிற்கவில்லை. அன்று அவன் உயிரோடு நடந்த நடையெல்லாம் கிடக்கிற உடம்புக்கு வந்து வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு தட்டு வந்தது. இந்த விளையாட்டில் செத்தவன் கதவு விசையை அழுத்தினால் முதலிலிருந்து தொடங்குவான். அது நிரலாளரே எழுதிய விதி, அந்த நிமிடம் அவருக்கே மறந்திருந்தது.

"எந்திரிச்சுட்டான்" என்றாள் அவள்.

எழுந்தான். முதல் அறையில் நின்று, நான்காவது அறைக்கான நடையை நடந்தான். இடது பக்க மூலையில் போய் முட்டினான். அங்கேயே நின்றபடி தட்டினான். ஹ்ம். தட்டினான். ஹ்ம். வெறும் சுவர். மறுபடி தட்டினான். ஹ்ம். முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். விசைகள் தீரும்வரைக்கும் அங்கேயேதான் நின்றான். திரை அணைந்து முகப்புப் படம் வந்தது. நிரலாளர் அழுதார். அவனைப் புதைத்த அன்றுகூட ஆக வேண்டிய காரியத்தைப் பார்க்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தவர் இப்போது அழுதார்.

அவள் அழவில்லை. "அவனத் தொடாதீங்க" என்றாள். "செவுரு உங்க செவுருதானே?"

அவருக்குப் புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு மச்சினன் கட்டிய முதல் அறையின் வரைபடத்தைத் திறந்தார். இடது மூலையின் சுவருக்குப் பின்னால் சின்னதாய் ஓர் அறை கட்டினார். சுவரில் கோடுகூடத் தெரியாத, மூன்றாவது தட்டுக்குத்தான் திறக்கிற ஒரு ரகசியக் கதவு வைத்தார். தட்டித் திறக்கும்வரை அது சுவராகத்தான் இருக்கும், அவன் வருகிற வழி அதனால் கெடாது.

"உள்ள என்ன வைக்கட்டும்? மருந்துப் பெட்டி வைக்கட்டுமா?"

"மருந்து போதுங்க."

"துப்பாக்கி?"

"ஒண்ணும் வேண்டாம். விளக்கு மட்டும் கண்ணக் கூசாம வைங்க."

மங்கலாக ஒரு விளக்கு வைத்தார். சுவருக்கு அவள் வேறு எந்த அறையிலும் இல்லாத ஒரு நிறம் கொடுத்தாள், தம்பியின் கம்பளிக் குல்லாயின் நிறம்.

விளையாட்டு வெளியே போகிற அன்று காலை இருவரும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கீழே மோட்டார் ஓடியது, மேசை அதிர்ந்தது. மச்சினன் ஓடினான், சுட்டான், அடிபட்டுச் செத்தான். தட்டி எழுந்தான். மூலைக்குப் போனான். தட்டினான். ஹ்ம். தட்டினான். ஹ்ம். மூன்றாவது தட்டுக்கு 'ஹ்ம்' வரவில்லை. சுவர் மேலே ஏறியது. முன்னால் தள்ளிக்கொண்டிருந்த நடை அவனை உள்ளே கொண்டுபோய்விட்டது. அந்த விளையாட்டின் எல்லாக் கதவுகளையும் போல அதுவும் கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பின்னால் தானாக மூடிக்கொண்டது.

அவன் எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றான்.

"பாருங்க, இந்தச் செவுத்தையும் தட்டுவான்" என்றாள் அவள், நாற்காலியின் நுனிக்கு வந்து.

விசைகள் தீர்ந்துவிட்டன என்று நிரலாளருக்குத் தெரியும். திரை அணைய இன்னும் ஓரிரு விநாடி இருந்தது. அவர் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து அவரும் காத்திருந்தார்.