ஒட்டிப்போன நரம்புகள்

சுவாமிதாஸ் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் கரி பஸ்ஸில் கண்டக்டர். யுத்த காலம், பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்ஸின் பின்னால் இருந்த அடுப்பில் கரி போட்டு விசிறியைச் சுற்றுவதும் அவர் வேலைதான். அப்படிச் சுற்றியே குடல் இறங்கிவிட்டது. 1943இல் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகுத்தண்டில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு மாதத்தில் வேலைக்கும் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான்கு மாதம் கழித்து இடுப்பில் ஆரம்பித்து இரண்டு கால்களிலும் இறங்கியது எரிச்சல். எலும்புக்குள் யாரோ தணலைக் கொட்டியதுபோல். கால் மணி நேரம் உட்கார முடியாது. நின்றால் அதைவிடக் குறைவு. மல்லாக்கப் படுத்தால் முதுகை முறுக்கிப் பிழிந்தது. வேட்டி உரசினாலே துடித்தார். வேலை போயிற்று. ஒற்றை அறை வீட்டில், சுவரைப் பார்த்து ஒருக்களித்தபடி நாட்கள் போயின.

உள்ளூர் டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கட்டி இல்ல, வீக்கம் இல்ல. மனசைத் தைரியமா வச்சுக்கங்க" என்றார். சபையார் வந்து ஜெபித்தார்கள். பஸ் முதலாளி கோட்டைச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு நல்லாத்தானே இருக்காரு" என்று அவர் காதில் விழும்படியே சொல்லிப் போனார்.

மனைவி இன்பராணி, நெசவுக்காரி சௌடம்மாள் வீட்டில் கூலிக்கு நூல் சுற்றிக் குடும்பத்தை நடத்தினாள். இரண்டாம் வருஷம் அவளுக்கும் சந்தேகம் வந்தது. ஒரு மத்தியானம் அவர் அயர்ந்து தூங்கும்போது, சேலைத் தலைப்பின் நுனியை அவர் பாதத்தின் மேல் மெல்ல இழுத்தாள். பாசாங்கென்றால் தூக்கத்தில் தெரிந்துவிடும் அல்லவா? அவர் அலறி விழித்தார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"எறும்பா?" என்று கேட்டார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

அந்த வாரமே மதுரைக்குக் கூட்டிப் போனாள், வேறோர் ஆஸ்பத்திரிக்கு. பஸ்ஸில் சீட்டுகளுக்கு நடுவே சாக்கு விரித்துக் குப்புறப் படுத்து வந்தார். அங்கிருந்த டாக்டரம்மா ஊசி போட்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாதங்களைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார்.

"முதுகுத்தண்டுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. அதுக்குள்ளதான் காலுக்குப் போற நரம்பெல்லாம் நீர்ல மிதந்துக்கிட்டு இருக்கும். அந்தச் சவ்வு புண்ணாகித் தடிச்சிருச்சு. நரம்புக ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சு. ஊசி மருந்தால இருக்கலாம், அடிச்சுச் சொல்ல முடியாது. ரொம்ப அபூர்வம், புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்."

இன்பராணி யோசித்தாள். "தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுச் சரியா ஆத்திக் காயவிடலைன்னா இழையெல்லாம் ஒட்டிக்கிருமே, அப்பிடிங்களாம்மா?"

"அப்பிடித்தான்."

"பிரிச்சு விட முடியாதுங்களா?"

"பிரிச்சா அறுந்துரும். உள்ளதும் போயிரும்." டாக்டரம்மா சுவாமிதாஸைப் பார்த்தார். "வலி குறைய மருந்து தாரேன். குணமாகும்னு பொய் சொல்ல மாட்டேன்."

வெளியே வேப்பமரத்தடியில் அவர் ஒருக்களித்துப் படுத்தார். இன்பராணி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எறும்பு இல்லங்க. நான்தான் சேலையால தொட்டேன். நீங்க நடிக்கிறீகளோன்னு நெனச்சேன்."



"எனக்கே அந்தச் சந்தேகம் இருந்துச்சு, இன்பம்" என்றார். "நான்தான் சோம்பேறியாகிட்டேனோன்னு. நல்ல வேளை, நோவுதான்."

யுத்தம் முடிந்து பெட்ரோல் பஸ்கள் ஓடத் தொடங்கின. அந்தச் சத்தம் படுத்த இடத்தில் அவருக்குக் கேட்கும். மருந்து ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு தணல் வந்துவிடும். அவர் பதினோரு வருஷம் அந்த அறையிலேயே இருந்தார். இன்பராணி ஒரு நாளும் "இப்ப தேவலையா?" என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கம் திரும்பணும்?" என்றுதான் கேட்பாள்.