பூட்டுப் போட்டவன்தான் திறக்க வேண்டும்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். போட்டவனைத் தவிர வேறு யாரும், முதலாளியே வந்தாலும், அந்தப் பூட்டைத் தொடக்கூடாது. அது அவர்கள் தொழிலின் சட்டம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், அந்தக் குழிக்குள் தனியாக இருந்தபோது, யாரோ கூடவே இருப்பதுபோல் பெரிய அமைதி ஒன்று வந்ததாம். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னான். நோட்டில் எழுதியும் வைத்தான். ஆறு மாதம் கழித்து வேறு குரல்கள் வந்தன. உதவாக்கரை என்று திட்டின, செத்துத் தொலை என்றன. டாக்டரிடம் போனோம். மாத்திரையில் குரல்கள் ஓய்ந்து வேலைக்குத் திரும்பினான்.

அதோடு விட்டார்களா? அவன் போகும் பிரார்த்தனைக் கூடத்தின் தலைவர், நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு அவனை மேடையேற்றினார். "மாத்திரை உன் காதை அடைக்குது தம்பி, நிறுத்திப் பாரு" என்றார். நிறுத்தினான். இவர் என்ன படித்துக் கிழித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அண்ணன் பூட்டுப் போடாமலே குழிக்குள் இறங்கி நின்றான். மேலிருந்து லிஃப்ட் இறங்கி வந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்பவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

நான் கூடத்துக்கே போய்க் கத்தினேன். "உங்க ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீங்க நிறுத்திட்டீங்களா?"

தலைவர் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் அண்ணன் டாக்டரிடம் கேட்டான், "அந்த முதல் அமைதி என்னங்க டாக்டர்?"

"அதுவும் வியாதிதான்" என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்கோ அந்தப் பதில் வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நோட்டைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மறுபடி மாத்திரை வேலை செய்தது. ஏழாவது வாரம், தெளிந்த கண்ணோடு அலமாரியில் நோட்டைத் தேடினான்.

"கிழிச்சுட்டேன்ணா. எல்லாம் அந்த வியாதிதானே."

அண்ணன் என்மேல் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. அன்று உயர்த்தினான்.

"திட்டினது வியாதி. அது எனக்குத் தெரியாதா? இப்ப மாத்திரை வேணாம்னா சொல்றேன்? அன்னைக்கு வந்தது என்னைத் திட்டல. பயமே இல்லாம அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். என் வாழ்க்கையிலயே அவ்வளவுதான். அது என்னன்னு எனக்கே தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

எழுந்து கடைக்குப் போய்த் திரும்பினான்.

புது நோட்டு ஒன்றையும் மாத்திரைகளையும் அலமாரிக்குள் சேர்த்து வைத்தான். வேலைப் பையிலிருந்து தன் பூட்டை எடுத்துப் பூட்டினான். சாவி சட்டைப்பைக்குள் போனது.

"எட்டு மணிக்கு மாத்திரையை நானே எடுத்துப்பேன்" என்றான்.

எட்டு மணிக்குப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.