பதினாறில் ஒரு வரிசை

டூட்டி முடிந்து வந்த அக்கா நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. கட்டிலில் தங்கை பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப்.

"என்னடி, இன்னும் தூங்கலையா?"

"திட்டக்கூடாதுக்கா. எங்க சிப்பு தப்பா கணக்குப் போடுது."

காலை ஒன்பது மணிக்கு வரைபடம் சிப்பு செய்யும் ஆலைக்குப் போய்விடும். பிறகு ஒரு கம்பியைக்கூட நகர்த்த முடியாது. செயற்கை நுண்ணறிவுக்காக ஓயாமல் பெருக்கிக் கூட்டும் குட்டிச் சிப்பு அது. பள்ளிக் குழுவின் ஏழு மாத உழைப்பு. நாலுக்கு நாலு கட்டமாகப் பதினாறு பெருக்கிகள். அந்தக் கட்டம் முழுக்க இவள் கைவேலை.

"டெஸ்ட் எல்லாம் பாஸுன்னு குதிச்சியே?"

"சின்ன நம்பராவே போட்டேன்க்கா, கையால சரிபார்க்க லேசா இருக்கும்னு. இன்னிக்குத்தான் பெருசா போட்டுப் பாத்தேன். ரெண்டு லட்சத்து அறுபதாயிரத்து நூறு வரணும். அறுபத்து மூணாயிரத்துச் சொச்சம்னு கூசாம சொல்லுது. கூட்டி வைக்கிற இடம் சின்னது. நிரம்பினதும் மறுபடி பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சிடுது."

"இடத்தப் பெருசாக்கேன்."

"எள்ளு போட இடமில்ல. பெருக்கியில ஒரு வரிசையத் தூக்கணும். எங்க டீம் கேப்டன் ஸ்கூல் பூரா பதினாறு, பதினாறுன்னு தண்டோரா போட்டிருக்கா. கொன்னுடுவா."

"அவளுக்குப் பயந்து தப்பா அனுப்பிடுவியா?"

தங்கை நகத்தைக் கடித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

கேப்டன் போட்ட சத்தம் அக்காவுக்கே கேட்டது. "எருமை! இப்பவாடி சொல்லுவ?" பிறகு குரல் இறங்கியது. "சரி, எந்த வரிசை?"

"கீழ் வரிசை. நான் முதமுதல்ல போட்டது."

"அழுவியா?"

"முதல்ல வரிசையத் தூக்குறேன், அப்புறம் அழுறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு பெருக்கிகளையும் அழித்தாள். மிஞ்சிய பன்னிரண்டுக்கும் கூட்டி வைக்கும் இடத்தை அகலப்படுத்தினாள். சின்ன எண்கள் தேறின. பெரிய எண்களைக் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

260100.

"இன்னொரு தடவ ஓட்டு," என்றாள் கேப்டன். மறுபடியும் அதே எண். "பன்னெண்டுதான்னு நாளைக்கு நானே சொல்லிக்கிறேன். கண்டுபிடிச்சது யாருன்னும் சேத்துச் சொல்லுவேன். போய்த் தூங்குடி."

அக்கா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தங்கை உலுக்கினாள்.

"அக்கா! ரெண்டு லட்சத்து அறுபதாயிரத்து நூறு!"

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "கடைசி நூறக்கூட விடல பாரு, என் தங்கச்சி."