அமெரிக்காவின் பங்கு

ஒரு மாதமாக வலையில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் ஏறாத சிலுவைமுத்துவின் வள்ளத்துக்கு அன்றைக்கு என்ன கிருபையோ, இறாலாக வந்து குவிந்தது. கரையில் கொட்டியபோது பக்கத்து வள்ளக்காரர்களின் முகம் வாடிப்போனது. அந்த வாட்டத்தை அவர் கண்குளிரப் பார்த்து முடிப்பதற்குள், கம்பெனி ஏஜென்ட் பெனிஷ் செல்போனும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, பழைய வெலைக்கு றால் எடுக்கண்டாம்னு கம்பெனில சொல்லிட்டாவ. அமெரிக்காக்காரன் அம்பது பெர்சென்ட் வரி போட்டுட்டான்."

"எனக்க றாலுக்கு அவன் எதுக்குலே வரி போடணும்?"

அதை விளக்கத்தான் ஆண்டவர் ஜெயசிங் சாரைக் கரைக்கு அனுப்பியிருந்தார். நாகர்கோவிலில் பொருளாதாரம் நடத்தி ஓய்வுபெற்றவர். இப்போது யூடியூபில் உலகத்தையே நடத்துகிறார். மீன் வாங்க வந்தாலும் சட்டையில் குட்டி மைக்கைக் குத்திக்கொண்டுதான் வருவார்.

"வரியைக் கட்டுவது நீர் அல்ல, அமெரிக்க இறக்குமதியாளர்" என்றார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியே சாரே?"

"ஆனால் சுமை உம்மீதுதான்."

"கெட்டுறது அவன், சொமக்கது நானா?"

"அதுதான் பொருளாதாரம்" என்ற சார், மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அங்கேயும் இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். இந்திய இறால் மலிவாக வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று அரசாங்கத்திடம் போய் அழுதார்களாம். மலிவான இறால் வேண்டும் என்று ஹோட்டல் முதலாளிகள் இன்னொரு வாசலில் போய் நிற்பார்களாம். செல்போன் கம்பெனிகள் போய் நின்று விலக்கே வாங்கிவிட்டனவாம்.

சிலுவைமுத்துவுக்கு இதுவரை அமெரிக்கா என்றால் கோட்டுப் போட்ட ஆட்கள்தான். இப்போது உப்பில் வெடித்த கையோடு ஒருவன் அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"அவனும் நம்மள மாதிரி வள்ளக்காரனா? அப்ப அந்த வரிப்பணத்த அவனுக்குத்தான குடுப்பாவ?"

"இல்லை. அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகும்."

"அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்லியா?"

சார் மைக்கில் சார்ஜ் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் ஏறியதும் கோயிலுக்கென்று ஒரு பங்கைப் பிரித்து வைத்துவிட வேண்டும். பிரித்து வைத்ததைக் கோயில் ஆள் வந்து எடுக்கும்வரை காக்கைகூடத் தொடாது என்பார்கள். காக்கை தொடும், மனிதர் தொடமாட்டார்கள்.

வரி என்றால் சிலுவைமுத்துவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கூடையை எடுத்தார். இறாலைச் சரிபாதியாக அள்ளி இரண்டு குவியலாக்கினார்.

"இது அமெரிக்காவுக்க பங்கு. மிச்சத்துக்குப் பழைய வெலையப் போடு."

சார்தான் பதறினார். "பாதி அல்ல! விலையின் மேல் ஐம்பது சதவீதம். விலை நூறு, வரி ஐம்பது. ஆக, மூன்றில் ஒன்று." அமெரிக்காவின் குவியலிலிருந்து தாமே கொஞ்சம் அள்ளி இந்தப் பக்கம் போட்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார். "பழைய வரிகளும் இருக்கின்றனவே..." அள்ளியதில் கொஞ்சத்தைத் திரும்ப அந்தப் பக்கம் போட்டார்.

"இந்தக் குவியலுக்கும் பாதி வெலைதான் தர முடியும் மாமா" என்றான் பெனிஷ்.

"வரியத்தான் தனியா வச்சாச்சே!"

"அது அமெரிக்காவுக்க வரி. இது கம்பெனிக்க பயம்."

வெயில் ஏறியது. ஐஸ் தண்ணீராகி மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இறாலின் தலை கறுத்துவிடும். கறுத்தால் கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும். மீன் விற்கும் பெண்கள் வந்தார்கள். குவியலைப் பார்த்தார்கள், ஆசைப்பட்டார்கள். பங்கு வைத்தது என்று கேட்டதும் கையை இழுத்துக்கொண்டார்கள்.

"ஆருக்க பங்கா இருந்தா என்ன, பங்கு பங்குதான். நமக்கு வேண்டாம்டி" என்றாள் ஒருத்தி.

சிலுவைமுத்துவின் மனைவி விக்டோரியா கடைசியாக வந்தாள். நாகர்கோவில் சந்தையில் மீன் விற்கிறவள்.

"ஆரு பிரிச்சது?"

"நான்தான். அமெரிக்கா கேட்டுச்சாம்."

"ஒங்ககிட்டயா?"

சிலுவைமுத்து சாரைப் பார்த்தார். சார் கடலைப் பார்த்தார்.

விக்டோரியா சேலையைத் தூக்கிச் செருகினாள். அமெரிக்காவின் குவியலைத்தான் முதலில் பெட்டியில் அள்ளினாள்.

"ஏட்டி, அது பங்கு..."

"வந்து கேட்டா எனக்க பேரச் சொல்லுங்க. லே பெனிஷு, பாத்துட்டு நிக்காம அந்த ஆட்டோவ விளி!"

இருவரும் ஏறி ஆட்டோ கிளம்பும்போது சார் ஓடிவந்து ஜன்னலோரம் குனிந்தார். மைக்கைக் காணோம். "விக்டோரியா, அந்தக் குவியலில் ஒரு கிலோ... பாதி விலைக்குத் தருவியா?"

"சாருக்கு மட்டும் அம்பது பெர்சென்ட் கூடுதல்."

சந்தையில், "அமெரிக்காவுக்குப் போற றாலு!" என்று அவள் ஒரு குரல் கொடுத்ததுதான் தாமதம். வீட்டில் மீன் வாங்கியாயிற்று என்று போனவர்களும் திரும்பி வந்தார்கள். பெட்டி காலியாகும் நேரத்தில் பெனிஷ் போன் செய்தான்.

"மாமா, வரியக் கொறைக்கப் போறாவன்னு கம்பெனில ஒரு பேச்சு. றால் இருக்கா?"

"நாகர்கோவில்காரன் தின்னுட்டான்."

போனை வைத்தபின் சிலுவைமுத்து வெறும் பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். பழைய விலை இல்லை. பெனிஷ் சொன்ன பாதி விலையும் இல்லை, அதற்கு மேல். ஜெயித்தோமா தோற்றோமா என்று பிடிபடவில்லை. அதைவிட, அமெரிக்காவில் வலை இழுத்துக்கொண்டிருந்த அந்த ஆள் தலைக்குள்ளிருந்து இறங்கமாட்டேன் என்கிறான்.

"ஏட்டி, அந்த வள்ளக்காரன் பாடு இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?"

"அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பால்லா" என்றாள் விக்டோரியா. "பெட்டியக் கழுவுங்க."