பிள்ளைகள் வரைந்த தாள்கள்

ஓவிய டீச்சரின் மகன் பிறவி அவசரக்காரன். அம்மா போன கையோடு அவள் அறையை ஒரே மூச்சில் ஒழித்துவிட்டான். அவள் இளமையில் தீட்டிய ஓவியங்கள், கண்காட்சி அழைப்பிதழ்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் கலைக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. கோணல் குடம், நொண்டிக் குதிரை என்று மாணவர்கள் கிறுக்கிய தாள் கட்டுகளை இன்று காலை பழைய பேப்பர் கடையில் போட்டான்.

காப்பக அதிகாரி டீச்சரிடமே படித்தவள். பெட்டிகளைக் கிளறிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"முப்பது வயசுக்கு மேல வரைஞ்சது ஒண்ணுமே இல்லையே?"

"நான் பொறந்ததும் எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டாங்க." அம்மாவின் கலையைத் தின்று வளர்ந்தவன் என்ற உறுத்தல் அவனை விட்டதே இல்லை.

"யார் சொன்னது? கடைசி வரைக்கும் வகுப்புல எங்க தாள்லதானே வரைஞ்சாங்க! முன்பக்கம் கை வைக்க மாட்டாங்க, அது பிள்ளையோட கோடாம். ஜன்னல் கண்ணாடியில தாளைத் திருப்பி வச்சு, பின்பக்கம் சரியா வரைவாங்க. வெளிச்சத்துல பிடிச்சா ரெண்டும் சேர்ந்து தெரியும். வருஷக் கடைசியில எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்குவாங்க. அந்தக் கட்டெல்லாம் எங்க?"

ஒரு தாளையாவது திருப்பிப் பார்த்தானா, மகாராசன்! வண்டியை எடுத்துக்கொண்டு பேப்பர் கடைக்கு ஓடினான். வழியில் சிவப்பு விளக்கெல்லாம் அவனுக்காகவே காத்திருந்து எரிந்தன.

கடை வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க! காலைல நான் போட்ட கட்டு வேணும்!"

"எல்லாம் அடியில கிடக்கு தம்பி. வண்டி காகித ஆலைக்குக் கிளம்பிடுச்சு."

"எங்கம்மா அதுல இருக்காங்கண்ணே!"

கடைக்காரர் பதறிப்போய் வண்டியை அணைக்கச் சொன்னார். விஷயம் புரிந்ததும் முறைத்தார். ஆனாலும் ஏறிக்கொள்ள விட்டார்.

லாரியின் மேலேயே உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தான். திருப்பிய பக்கத்தில் குடம் நிமிர்ந்து நின்றது. குதிரை பாய்ந்தது. ஒரு கிழவரின் கை நரம்போடு துடித்தது. அம்மா வரைவதை விடவே இல்லை! அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்புறம்தான் ஆசை முளைத்தது. முன்பக்க மூலைகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்த்த கட்டையே மறுபடி பிரித்தான்.

"இன்னும் என்ன தம்பி தேடுறீங்க?"

அவன் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். "வாடா, ஒரு கோடு போட்டுக் காட்டு" என்று அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். "ஆளை விடும்மா" என்று ஓடியவன் அவளிடம் ஒரு தாளைக்கூட நீட்டியதில்லை.